காலியாகும் முன்பே பந்தயம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கலிபோர்னியா செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைன் தாம் மீண்டும் போட்டியிடப்போவதில்லை என்று அறிவித்தது 2023 பிப்ரவரி 14இல். அதற்குள், ஜனவரியிலேயே அவருடைய இடத்துக்கு ஜனநாயகக் கட்சியின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களான கேட்டி போர்ட்டரும் ஆடம் ஷிஃபும் களமிறங்கிவிட்டார்கள். மாநிலம் வெள்ளத்தில் தத்தளித்தபோது போர்ட்டரின் அறிவிப்பு வந்தது, மனம் கசந்துபோனது.

முதல்நிலைத் தேர்தலில் எந்தக் கட்சியானாலும் முதலிரண்டு இடம் பிடிப்பவர்களே இறுதிக்குப் போகலாம். இறுதியில் எளிதாக வெல்லலாம் என்று குடியரசுக் கட்சியின் ஸ்டீவ் கார்வியை முன்னிறுத்தியே ஷிஃப் தரப்பு விளம்பரங்களைக் கொட்டியது. சொந்தக் கட்சியினரான போர்ட்டரும் பார்பரா லீயும் வெளியேறினர், ஷிஃப் வென்றார்.

தபாலில் வந்த வாக்குச்சீட்டைச் சமையலறை மேசையில் விரித்து, லீயின் பெயருக்கு எதிரே கறுப்பு மையை அழுத்தி நிரப்பினேன். 2001இல், செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின், படைபலத்தைப் பயன்படுத்த அதிபருக்கு அதிகாரமளித்த தீர்மானத்தை எதிர்த்துத் தன்னந்தனியாக வாக்களித்தவர் அவர். அவருக்கு நான்காம் இடம்தான் கிடைத்தது.

– ஒரு வாசகர், ஓக்லாந்து