வெள்ளைக் கொடி நட்டவருக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

ஒரே நாளில் நான்கு கோல்ஃப் ஆடுகளங்களில் ஆடி முடித்த எங்கள் நால்வருக்கும் இடுப்பு வலி இன்னும் இறங்கவில்லை. அதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் இந்த மடல். மதியம் இடி விழுங்கிய நேரம் எவ்வளவு என்பதும், நான்காவது ஆடுகளத்தை மறந்துவிடலாம் என்று எத்தனை பேர் சொன்னீர்கள் என்பதும் உங்களுக்கே தெரியும். அதைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. கடைசிக் குழியில் கடைசிப் பந்து விழுந்தது. யாரால் விழுந்தது என்பதை மட்டும் எழுதுகிறோம்.

முதல் நன்றி, நான்காவது ஆடுகளத்தில் புல்லைப் பார்த்துக்கொள்பவருக்கு. பெயர் போடாதீர்கள் என்றார், போடவில்லை. அந்தி நேரம். வேலை முடிந்து, புல்வெட்டும் வண்டியைக் கொட்டகையில் ஏற்றிவிட்டு வீட்டுக்குக் கிளம்பியிருக்க வேண்டிய மனிதர். தண்ணீர் தெளிப்பான் இருக்கும் இடங்களில் அடையாளத்துக்குச் செருகும் சின்னக் கொடிகள், மெல்லிய கம்பியில் கோத்தவை, அவர் கையில் ஒரு கட்டு இருந்தது. அதைப் பிரித்தார். சிவப்பையெல்லாம் ஒதுக்கி வைத்தார். வெள்ளையை மட்டும் எடுத்துக்கொண்டு, எங்களுக்கு முன்னால் பந்து விழும் பகுதிக்கு நடக்க ஆரம்பித்துவிட்டார். நாங்கள் யாரும் கேட்கவில்லை.

சிவப்பை ஏன் ஒதுக்கினார் என்பதிலேயே அவருடைய அனுபவம் தெரியும். வெளிச்சம் குறையும்போது நம் கண்ணுக்கு முதலில் கறுத்துப்போவது சிவப்புதான். ஆரஞ்சும் அப்படியே. பகலில் பளிச்சென்று தெரிகிறதே என்று ஆரஞ்சுப் பந்தை எடுத்துக்கொண்டு அந்தியில் ஆடப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளட்டும். வெள்ளையும் பச்சை கலந்த மஞ்சளும்தான் கடைசிவரை தாக்குப்பிடிக்கும்.

முன்னால் ஒருவர் நின்று பார்ப்பது அவ்வளவு பெரிய உதவியா என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். கோல்ஃப் பந்தின் விட்டம் விதிப்படி குறைந்தது 42.67 மில்லிமீட்டர். 200 கெஜத்துக்கு அப்பால் அது கண்ணின் கூர்மைக்கே எட்டாத அளவு. சுற்றிலும் உள்ள புல்லைவிட வெளுப்பாக இருப்பதால்தான் தெரிகிறது. அந்தியில் அந்த வேறுபாடு போய்விடும். பந்து வானத்தில் பறக்கும்வரை தெரியும், மரங்களின் விளிம்புக்குக் கீழே இறங்கியதும் மறையும். அதன்பின் எங்கே குதித்தது, எந்தப் பக்கம் உருண்டது என்பதெல்லாம் ஊகம்தான். தேட விதி தரும் நேரம் 3 நிமிடம். 2019-க்கு முன் 5 நிமிடம் இருந்தது. கிடைக்காவிட்டால் ஒரு அடி அபராதத்தோடு, முன்பு அடித்த இடத்துக்கே திரும்ப வேண்டும். போக, அடிக்க, மறுபடி வர என்று எல்லாம் சேர்ந்தால் ஒரு பந்துக்கு எட்டு நிமிடமாவது போய்விடும். ஒன்பது குழியில் அப்படி இரண்டு பந்து தொலைந்தால் போதும், அந்த நாள் அதோடு சரி.

சூரியன் மறைந்தபின் மிஞ்சும் வெளிச்சமும் கொஞ்சம்தான். சூரியன் அடிவானத்துக்கு 6 டிகிரி கீழே போகும்வரை தரையில் இருப்பது ஓரளவு தெரியும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் அதற்கு இருபது நிமிடம் சொச்சம்தான் ஆகும். துருவப் பக்கம் போகப்போக நீளும்.

அவர் நின்ற இடத்தையும் சொல்ல வேண்டும். நாங்கள் நால்வரும் வலக்கைக்காரர்கள். களைத்துப்போன வலக்கைக்காரர்களின் பந்து பெரும்பாலும் வலது பக்கம்தான் வளைந்து போகும். எனவே பந்து தொலைவதும் வலது ஓரத்து நீண்ட புல்லில்தான். அவர் அந்தப் புல்லுக்குள் போய் நிற்கவில்லை. நின்றிருந்தால் பந்து நேராக அவர் மேல் வந்திருக்கும். இடது ஓரத்தில், எங்கள் டிரைவர் மட்டையின் நீள அடி எட்டும் தூரத்தைத் தாண்டி, ஒரு மரத்தை ஒட்டி நின்று, நடுவில் புல்லை ஒட்ட வெட்டிய ஃபேர்வேக்குக் குறுக்கே வலது பக்கத்தைப் பார்த்தார். பந்து அவரை நோக்கி வராமல் அவர் பார்வைக்குக் குறுக்கே வந்து விழுந்தது. குறுக்கே ஓடும் பந்தைக் கண் விடாமல் தொடரும். நேராக வரும் பந்தின் தூரத்தைக் கணிப்பது கடினம்.

பந்து நின்றதும் நேராக அதனிடம் ஓட மாட்டார். அதன் பின்னால் தெரியும் ஒரு மரத்தையோ கம்பத்தையோ குறித்துக்கொண்டு, அந்தக் கோட்டிலேயே கண்ணை வைத்து நடப்பார். பந்துக்கு ஒரு கை நீளம் பின்னால் கொடியைச் செருகுவார், ஒட்டி அல்ல. ஒட்டிச் செருகினால் கம்பி மண்ணை நெம்பிப் பந்தை நகர்த்திவிடலாம். கொடி நகர்த்தக்கூடிய பொருள். அடிக்கும் முன் எடுத்துவிடலாம், எடுக்கும்போது பந்து அசைந்தாலும் அபராதம் இல்லை, பழைய இடத்திலேயே திரும்ப வைத்தால் போதும். இந்த விதி தெரிந்தே தள்ளிச் செருகினார் என்பதுதான் விஷயம். பந்து அசைந்தால் அதைத் திரும்ப வைக்கிற அரை நிமிடம்கூட எங்களுக்கு மிச்சம்.

இன்னொன்று. அந்த 3 நிமிடக் கடிகாரம், ஆடுபவரோ, மட்டைப் பையைச் சுமந்து உதவும் அவருடைய கேடியோ தேட ஆரம்பிக்கும்போதுதான் ஓடத் தொடங்கும். அவர் யாருக்கும் கேடி அல்ல. நாங்கள் நடந்து வருவதற்குள் அவர் பார்த்து வைத்ததெல்லாம் எங்களுக்குக் கிடைத்த உபரி நேரம்.

சைகையும் அவர் ஏற்பாடுதான். இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்தால் பந்து பத்திரம். ஒரு கையைத் தலைக்குமேல் தூக்கினால் எல்லைக்கு வெளியே போயிருக்கிறது, அல்லது சந்தேகம். கை மேலே போனதும், முதல் அடி அடிக்கும் இடமான டீயிலேயே மாற்றுப் பந்து அடித்துவிடலாம். நடந்து போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வர வேண்டியதில்லை. அடிக்கும் முன் “இது ப்ரொவிஷனல்” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், சும்மா அடித்தால் அதுவே ஆட்டத்திலிருக்கும் பந்தாகிவிடும், முதல் பந்து கண்ணெதிரே கிடைத்தாலும் பயனில்லை. அவசரத்தில் இதை மறக்கிறவர்கள் ஏராளம். அவர் கையைத் தூக்கிய ஒவ்வொரு முறையும், நாங்கள் சொல்லும் சத்தம் காதில் விழுந்த பிறகுதான் கையை இறக்கினார்.

குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்பரப்பான கிரீனுக்கு வந்த பிறகும் விடவில்லை. குழிக் கொடியைப் பிடுங்க வேண்டாம், அப்படியே விட்டு உருட்டுங்கள் என்றார். 2019 முதல் பந்து குழிக் கொடியில் பட்டாலும் அபராதம் இல்லை. மங்கலில் 108 மில்லிமீட்டர் குழியைவிட அதில் நிற்கும் கம்பு நன்றாகத் தெரியும். காலையில் வெட்டிய புல் மாலைக்குள் வளர்ந்திருக்கும், பந்து மெதுவாக ஓடும், கொஞ்சம் அழுத்தி உருட்டுங்கள் என்றும் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் எங்கள் பட்கள், அதாவது கிரீனில் உருட்டும் அடிகள், குழி வரைக்குமாவது போயின.

சரி, மற்றவர்கள். எல்லோரையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம், கோபித்துக்கொள்ளாதீர்கள். முதல் ஆடுகளத்தில் அன்று ஆட்டம் தொடங்கும் முதல் நேரத்தை எங்களுக்கு ஒதுக்கியவருக்கும், பனி ஈரத்தை கிரீன்களில் நீளக் கம்பால் வீசித் தட்டிவிட்டுக்கொண்டே எங்களுக்கு முன்னால் போனவருக்கும் நன்றி. ஈரத்தில் உருளும் பந்து தண்ணீரைத் தெளித்துக்கொண்டு பாதியிலேயே நின்றுவிடும், அதனால் அந்தக் கம்பு வேலை எங்களுக்குச் சில அடிகளை மிச்சப்படுத்தியது. இரண்டாவது இடத்தில் இரவு முழுக்க மின்னேற்றிய வண்டிகளை எங்களுக்கென்று பூட்டி வைத்தவருக்கு நன்றி. ஏற்கெனவே ஓடிய வண்டியைக் கொடுத்திருந்தால் பதினாலாவது குழி மேட்டில் இறங்கித் தள்ளியிருப்போம். அங்கிருந்து கிளம்பும்போது தூரிகையைக் கையில் கொடுத்து ஷூ அடியைத் தேய்க்கச் சொன்ன அம்மாவுக்கும் நன்றி. ஒரு ஆடுகளத்துக் களை விதையும் நோய்ப் பூஞ்சையும் ஷூவில் ஒட்டிக்கொண்டு அடுத்த ஆடுகளத்துக்குப் போகலாம். மூன்று பேருக்கு விரல் கொப்புளம் வெடிக்கும் முன்பே டேப் சுற்றிவிட்டவருக்கும், உலர்ந்த கையுறைகளை மாற்றி மாற்றி நீட்டியவருக்கும், மட்டைப் பைகளை ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில் ஏற்றி இறக்கிய ஓட்டுநர் தம்பிக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

வழிவிட்ட குழுக்களையும் மறக்க முடியாது. மூன்றாவது ஆடுகளத்தில், மூன்று அடியில் முடிப்பதே இலக்கான ஒரு பார் 3 குழியில், முன்னால் போனவர்கள் கிரீனுக்கு வந்ததும் தங்கள் பந்துகளை அடையாளம் வைத்து எடுத்துக்கொண்டு, ஒதுங்கி நின்று எங்களை அடிக்கச் சொன்னார்கள். நாங்கள் நடந்து வருவதற்குள் அவர்கள் உருட்டி முடித்தார்கள். இப்படித் திட்டமாகச் செய்தால் வழிவிடுவதால் யாருக்கும் நேரம் போகாது. பலர் இதைத் தயங்கித் தயங்கிச் செய்து இரண்டு பக்கமும் காத்திருக்க வைப்பார்கள்.

ஒரு மருத்துவருக்கும் நன்றி உண்டு, அவர் இப்போது இல்லையென்றாலும்: ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட். அவருடைய புள்ளி முறையில்தான் இங்கிலாந்தின் வாலஸி கோல்ஃப் கிளப்பில் 1932-இல் போட்டி நடத்தினார்கள். குழிக்கு வகுத்த அடிக் கணக்கான பாருக்கு இரண்டு புள்ளி, ஓர் அடி கூடினால் (போகி) ஒன்று, ஓர் அடி குறைந்தால் (பேர்டி) மூன்று. இரட்டைப் போகியோ அதற்கு மேலோ என்றால் சுழியம், பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த டீக்கு நடக்கலாம். ஒரே நாளில் பல ஆடுகளம் ஆடுபவர்கள் வேறெந்த முறையையும் யோசிக்கவே வேண்டாம். கால் தளர்ந்தபின் பந்தின் தலையைத் தட்டி எட்டு, ஒன்பது என்று எண்ணிக்கொண்டே போவதில் யாருக்கு என்ன லாபம்?

எல்லோருக்கும் பதிலுக்கு என்ன செய்வது என்று நாலு பேரும் பேசினோம். ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். இனி எந்த கிரீனில் கால் வைத்தாலும் எங்கள் பந்து பதிந்த பள்ளத்தோடு இன்னும் இரண்டு பள்ளங்களைச் சேர்த்துச் சரிசெய்வோம். பள்ளம் சரிசெய்யும் சின்ன முட்கருவியைப் பள்ளத்தின் ஓரத்தில் செருகி, சுற்றிலுமிருந்து புல்லை நடுவை நோக்கித் தள்ள வேண்டும். பிறகு உருட்டும் மட்டையான பட்டரின் அடிப்பக்கத்தால் மெல்ல அழுத்த வேண்டும். அடியிலிருந்து மண்ணை நெம்பித் தூக்கினால் மேலே சமமாகத் தெரியும், கீழே வேர் அறுந்திருக்கும், அந்த இடம் பழுத்துப்போகும். சரியாகச் செய்தால் சில நாளில் ஆறும், விட்டுவிட்டால் வாரக்கணக்கில் நிற்கும். புல்லைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு இதைவிட உபயோகமான நன்றி எங்களுக்குத் தெரியவில்லை.

அடுத்த தடவை ஐந்து பேராக வருவோம். ஐந்தாமவர் மட்டையைத் தொட மாட்டார். கையில் வெள்ளைக் கொடிக் கட்டு மட்டும்தான் இருக்கும். ஆடுகளத்துக்கு ஆடுகளம் அந்த வேலை கை மாறும். பின்னால் வரும் குழுவுக்கும் வேண்டுமென்றால் கேளுங்கள், நின்று பார்த்துச் சொல்வோம்.

அன்புடன்,
நாலு பேரும்