சீனப் பெரியவரின் வயது 102 அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தோட்டத்துக் கடைவீதியில் மளிகைக்கடை நடத்தி, சம்பள நாள்வரை நம்மவர்களுக்குக் கடன்புத்தகத்தில் அரிசி கொடுத்த சீனத் தவுக்கே (முதலாளி) ஒருவரைப் பற்றி ஞாயிறு பதிப்பில் நினைவுக் கட்டுரை வந்தது. நல்ல மனசோடு எழுதியிருந்தார்கள். ஆனால் 102 என்று போட்ட வயதும், பெயரும் குடும்ப விவரமும் பிசகிவிட்டன. சீனாவிலிருந்து வந்த தலைமுறையைப் பற்றி எழுதும்போதெல்லாம் இதே இடங்களில்தான் சறுக்குகிறது.

முதலில் வயது. சீனக் கணக்கில் குழந்தை பிறந்தவுடனேயே வயது ஒன்று. பிறகு பிறந்தநாளுக்கு அல்ல, ஒவ்வொரு சீனப் புத்தாண்டுக்கும் ஒன்று கூடும். இறந்தபின் வானம், பூமி, மனிதன் என்று மூன்றைச் சேர்ப்பது இங்கே மலேசியாவில் உள்ள சீனர்களிடம் பரவலான வழக்கம். 1925 ஜனவரி 10ஆம் தேதி பிறந்த ஒருவர் 2022 மார்ச்சில் இறந்தார் என்று வையுங்கள். நம் கணக்கில் 97. 1925இல் சீனப் புத்தாண்டு ஜனவரி 24ஆம் தேதிதான் வந்தது என்பதால், பிறந்த இரண்டே வாரத்தில் அவருக்கு வயது இரண்டு. இறக்கும்போது 99. மூன்றைக் கூட்டினால் 102. மரண அறிவிப்பிலும் பந்தலில் தொங்கும் விளக்கிலும் அந்த 102தான் இருக்கும். அதைப் பார்த்து எழுதினால் ஐந்து வயது கூடிப்போகும். பிறந்த தேதியைக் காட்டும் அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கங்களையும் பார்த்துக்கொள்வது நல்லது. ஆனால் அதையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. 1948இல் அட்டை பதிந்தபோது சீன நாள்காட்டித் தேதியையே சொல்லிப் பதிந்தவர்கள் உண்டு. சீனர்கள் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு விலங்கின் பெயர் வைப்பார்கள்; பிறந்த ஆண்டின் விலங்கு எது என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். மேலே சொன்னவர் 1925 புத்தாண்டுக்கு முன்பே பிறந்ததால் எலி ஆண்டுக்காரர். மாடு என்று யாராவது சொன்னால் தேதியை மறுபடி விசாரிக்க வேண்டும்.

சீனப் பெயரில் முதலில் வருவதுதான் குடும்பப்பெயர். கட்டுரையில் கடைசிச் சொல்லோடு 'திரு' சேர்த்திருந்தீர்கள். போர்வீரர் லிம் போ செங் 'திரு. லிம்' ஆவாரே தவிர 'திரு. செங்' ஆகமாட்டார். எழுத்துக்கூட்டலை வைத்து உறவைத் தீர்மானிப்பதும் ஆபத்து. சீனர்களில் மொழிப்பிரிவுக்கு ஏற்ப உச்சரிப்பு மாறும்: ஹொக்கியன்காரர் 'தான்' என்பதும், கண்டோனீஸ்காரர் 'சான்' என்பதும், ஹக்கா 'சின்' என்பதும் ஒரே சீன எழுத்துதான். மாறாக, 'வோங்' என்ற ஒரே ஒலிக்குள் மஞ்சள் என்று பொருள்படும் எழுத்தும் இருக்கும், அரசன் என்று பொருள்படும் எழுத்தும் இருக்கும். பெயரைப் பதிந்த குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினார், அவ்வளவுதான். நம் பிறப்புப் பத்திரங்களில் சுப்பிரமணியம் பத்து விதமாகக் கிடக்கவில்லையா? குடும்பப்பெயரே மாறியவர்களும் உண்டு. ஈயச் சுரங்க அதிபர் லோக் இயூ பிறந்தது வோங் குடும்பத்தில்.

ஆகவே சமாதிக் கல்லைப் படிப்பதே மேல். கல்லின் உச்சியில் குறுக்காக இருப்பது பூர்வீக மாவட்டம். பழைய கற்களில் அதை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். நடுவில் பெரிதாக இருப்பது இறந்தவர் பெயர். ஓரத்தில் சிறிய எழுத்தில் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். ஆண்டு சீனக் குடியரசுக் கணக்கில் இருந்தால் 1911ஐக் கூட்டிக்கொள்ளுங்கள்: 26 என்றால் 1937. ஜப்பானியர் காலத்துக் கல்லில் 2602 என்றிருந்தால் அது ஜப்பானிய ஆண்டுக் கணக்கு, நம் 1942. தேய்ந்த எழுத்தைக் கம்பித் தூரிகையாலோ அமிலத்தாலோ தேய்க்க வேண்டாம், கல்லின் மேல்பரப்பு உரிந்துவிடும். பக்கவாட்டில் கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தாலே பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து தெரியும். ஏப்ரல் 4, 5 வாக்கில் வரும், சீனர்கள் சமாதிகளைச் சுத்தம் செய்து வணங்கும் சிங்மிங் நாளை ஒட்டிப் போனால் புல் வெட்டியிருக்கும், குடும்பத்தாரும் வந்திருப்பார்கள்.

கல்லில் இருக்கும் பிள்ளைகளில் சிலரை இங்கே யாருக்கும் தெரியாமல் இருக்கலாம். சீனாவில் சொந்த ஊரில் ஒரு மனைவி, இங்கே ஒரு மனைவி என்று இரண்டு வீட்டுக்கும் சோறு போட்டவர்கள் அந்தத் தலைமுறையில் பலர். முஸ்லிம் அல்லாதோருக்கு ஒருதார மணச் சட்டம் 1982 மார்ச்சில்தான் இங்கே நடைமுறைக்கு வந்தது. வெளிநாட்டவர் சட்டப்படி 1933இலிருந்து சீன ஆண்களின் வருகைக்கு வரம்பு இருந்தது. பெண்களுக்கு 1938வரை இல்லை. பெண்கள் பெருமளவில் வந்து இங்கேயே குடும்பங்கள் வேர்விட்டது அந்த இடைவெளியில்தான். ஊருக்கு அனுப்பிய பணத்தோடு கடிதமும் போகும், கிடைத்தது என்று பதிலும் வரும். அந்தப் பதில் கடிதங்கள் பெட்டியில் இருந்தால் ஊர்ப்பெயர், மூத்த மனைவி, பிள்ளைகள் எல்லாம் அதிலேயே கிடைக்கும். குடும்பத்தார் அனுமதியில்லாமல் அச்சிடாதீர்கள், சில வீடுகளில் இது இன்னும் புண்.

கடைசியாக, அவசரமாகத் திருத்த வேண்டிய ஒன்று. நீங்கள் வெளியிட்ட சமாதிப் படத்தில் கணவர் பெயர் பொன் நிறத்தில் இருக்கிறது, பக்கத்தில் மனைவி பெயர் சிவப்பில் இருக்கிறது. இணைக் கல்லில் சிவப்பு என்றால் ஆள் உயிரோடு இருக்கிறார், இடத்தை மட்டும் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். கட்டுரையில் அந்த அம்மாவை 'மறைந்த' என்று போட்டிருக்கிறீர்கள். பிள்ளைகளிடம் கேட்டு உறுதிசெய்து, வரும் ஞாயிறே திருத்தம் போட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், ஈப்போ