களப்பயிற்சியை விருப்பப் பாடமாக்காதீர்கள்: பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தொல்லியல் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். திருத்திய பாடத்திட்டத்தைப் படித்தோம். களப்பயிற்சி விருப்பப் பாடமாகிவிட்டது. அறிக்கை எழுதும் தாளையே காணவில்லை. பட்டம் பெறுவோரில் பலர் போய்ச் சேர்வது பண்பாட்டு வள மேலாண்மையில்தான் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. சாலையோ அணையோ வருமுன் நிலத்தை ஆராய்ந்து, இருப்பதைப் பதிவு செய்து, எதைக் காக்க வேண்டும் என்று எழுதித் தரும் வேலை அது. அதற்கு வேண்டிய இரண்டிலும்தான் கைவைத்திருக்கிறீர்கள்.

ஒன்றை மட்டும் விரித்துச் சொல்கிறோம். பழைய மண்ணடுக்கைப் பிற்காலத்தில் யாரோ வெட்டிக் குப்பைக்குழி தோண்டியிருப்பார்கள். குழியின் விளிம்பு மண் நிறத்தில் மெல்லிய மாற்றமாகத்தான் தெரியும். காய்ந்த தரையில் அதுவும் மறைந்துவிடும். கரணையால் சுரண்டிச் சமமாக்கி, தண்ணீர் தெளித்து, ஈரம் காயுமுன் பார்க்க வேண்டும். மண் நிறங்களை எண்ணிட்டுக் காட்டும் முன்செல் நிற அட்டையோடு ஒப்பிடும்போது மண் ஈரமா, காய்ந்ததா என்று குறிக்க வேண்டும். கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற வேண்டும். இது பழகாதவர் பத்துப் பத்து சென்டிமீட்டராக ஒரே மட்டத்தில் தோண்டிக்கொண்டே போவார். குழியின் பானை ஓடும் அடுக்கின் பானை ஓடும் ஒரே பையில் விழும். அதிலிருந்து எடுத்த கரித்துண்டுக்குக் காலம் கணித்தால் அந்த ஆண்டு எதைக் குறிக்கும்? எந்த அடுக்கு முந்தியது, எது பிந்தியது என்று காட்டும், தொல்லியலாளர் எட்வர்ட் ஹாரிஸ் 1973-இல் வகுத்த அடுக்குறவு வரைபடத்தைத் தேர்வில் பிழையின்றி வரைந்தவருக்கும் இதுவே நேரும். ஆய்வுக்காகத் தோண்டும் இடத்தில் ஒரு பகுதியை அடுத்த தலைமுறைக்கு விட்டுவைக்கலாம். கட்டுமானத்துக்கு முன் அவசரமாகச் செய்யும் மீட்பு அகழாய்வு முடிந்ததும் பொக்லைன் இறங்கிவிடும். பிழையைத் திருத்த மண்ணே மிஞ்சாது.

ஆகவே களப்பயிற்சியைக் கட்டாயமாக்குங்கள்.

6 மி.மீ. கண் சல்லடையில் சிறு மணிகளும் மீன் எலும்புகளும் நழுவிவிடும் என்பதையும், வரைபடமும் ஜிபிஎஸ் கருவியும் வெவ்வேறு ஆதாரத் தளத்தில் (இடங்களின் ஆயத்தொலைவைக் கணக்கிடும் அடிப்படையில்) இருந்தால் புள்ளி பத்துக்கணக்கான மீட்டர் தள்ளிவிழும் என்பதையும் களத்தில்தான் கற்க முடியும். முட்டுக் கொடுக்காத ஆழக் குழியில் இறங்கக் கூடாது என்பதை வேலைக்குப் போன பிறகா கற்பது? அது உயிர்ப் பிரச்சினை.

அறிக்கையும் அப்படியே. அதைப் படித்து முடிவெடுக்கும் பொறியாளருக்குப் பானை ஓட்டு வகைப்பாடு வேண்டாம். என்ன இருக்கிறது, எல்லை எதுவரை, திட்டத்தால் எவ்வளவு அழியும், பாதையை எங்கே நகர்த்தலாம்: இவை முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நல்ல ஆய்வும் அலமாரிக்குப் போகும், இடம் அழியும்.

மண்ணில் கைவைப்பதைத் தாழ்வாகவும் நூலகத்தில் உட்காருவதை உயர்வாகவும் பார்க்கும் போக்கு நம் கல்வியில் வெகுகாலமாக இருக்கிறது. அதற்கு விலை கொடுப்பவை திரும்ப உண்டாக்க முடியாத இடங்கள். இதை எண்ணும்போது கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை.

இருந்தும் பணிவோடு கேட்கிறோம். களப்பயிற்சி குறைந்தது ஆறு வாரம், எல்லோருக்கும் கட்டாயம். அகழாய்வுக் குழியில் மாணவர் எழுதிய அடுக்குப் பதிவுத் தாளுக்கே மதிப்பெண். பத்துப் பக்க மதிப்பீட்டு அறிக்கை ஒன்றையாவது எழுதித் திருத்தி வாங்காமல் பட்டம் வேண்டாம். அடுத்த சேர்க்கைக்கு முன் இதைக் குழுவில் வைத்து முடிவெடுக்குமாறு வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
களப் பணியாளர்கள்