பாதமா, தொடையா?

அன்பு மகளுக்கு,

தகாலோக் மொழிப் பாடப் புத்தகத்தை முடித்துவிட்டேன், இனி வார்டில் சமாளித்துக்கொள்வேன் என்று போனில் சொன்னாய். சந்தோஷம். ஆனால் நீ மருத்துவம் படிப்பது பிலிப்பைன்ஸின் தெற்கே, மிந்தனாவோ தீவில் இருக்கும் தாவோவில். அங்கே கட்டிலில் படுத்திருப்பவர்கள் பெரும்பாலும் பேசுவது பிசாயா என்கிற செபுவானோ. நாட்டின் நடுவே இருக்கும் விசயாஸ் தீவுகளிலிருந்து மிந்தனாவோவுக்குக் குடியேறியவர்கள் கொண்டுவந்த மொழி. தகாலோக்கை அடிப்படையாகக் கொண்ட பிலிப்பினோதான் 1987 அரசியலமைப்புச் சட்டப்படி தேசிய மொழி; பள்ளியில் படித்திருப்பதால் நீ பேசுவது அவர்களுக்குப் புரியும். வலியில் அவர்கள் முனகுவது உனக்குப் புரிய வேண்டுமே! இரண்டும் ஒரே குடும்பம், எத்தனையோ சொற்கள் பொது என்கிறாய். அந்தப் பொதுச் சொற்கள்தான் காலை வாரும்.

'பாஆ' என்ற சொல்லையே எடுத்துக்கொள். தகாலோக்கில் அது பாதம். செபுவானோவில் தொடை, பாதத்துக்கு அவர்கள் சொல்வது 'தியில்'. மலாயிலும் 'பஹா' என்றால் தொடைதான். பழைய பொருளைச் செபுவானோ காப்பாற்றி வைத்திருக்கிறது, தகாலோக்கில் அது கீழே இறங்கிவிட்டது. பாஆ வீங்கியிருக்கிறது என்று ஒரு பாட்டி சொல்கிறாள், நீ கேஸ் ஷீட்டில் பாதம் என்று எழுதிவிடுகிறாய் என்று வை. அடுத்த ஷிப்டுக்கு வருகிறவர் கணுக்காலை அழுத்திப் பார்த்துக்கொண்டிருப்பார். தொடை ரத்தக் குழாயில் அடைப்பு இருந்தால் யார் கவனிப்பது?

ஓமனில் நான் நர்ஸாக இருந்தபோது விடுதிச் சமையலறையில் தினமும் இந்தக் கூத்துதான். சர்க்கரை டப்பா திறந்து கிடந்தால் தகாலோக் பேசும் பத்தங்காஸ்காரி "லங்கம்!" என்று அலறுவாள். செபுவானோ பேசும் செபுக்காரி ஜன்னல் பக்கம் திரும்புவாள். ஒருத்திக்கு எறும்பு, இன்னொருத்திக்குப் பறவை. வேறொரு மொழி பேசும் பம்பாங்காவிலிருந்து வந்தவள் 'எபுன்' வாங்கி வந்தேன் என்றால் அது முட்டை; தகாலோக்கில் 'இபோன்' என்பது பறவை. அவளுக்கு 'லூபா' முகம், பத்தங்காஸ்காரிக்கு மண். சண்டை வராது, சிரித்தே சோறு ஆறிவிடும்.

வார்டில் அப்படிச் சிரிக்க முடியாது. புண் ஆறுகிறது என்பதற்குத் தகாலோக்கில் 'ஹிலோம்' என்று படித்திருப்பாய். செபுவானோவில் அதற்குச் சும்மா இரு, பேசாதே என்று பொருள். ஆபரேஷன் முடிந்த நோயாளிக்கு ஆறுதல் சொல்லப் போய் அவர் வாயை அடைத்துவிடாதே.

இன்னொன்று. அம்மா எழுதக் கூச வேண்டியதுதான், நர்ஸ் என்பதால் எழுதிவிடுகிறேன். 'லிபோக்' தாவோவில் குழப்பம். எனக்குக் குழப்பமாக இருக்கிறது டாக்டர் என்று மாணவர்கள் அங்கே தாராளமாகச் சொல்லலாம். மணிலாவில் அதே சொல்லுக்குக் காம இச்சை என்று பொருள். பெரிய டாக்டர்கள் முன்னால் ஜாக்கிரதை.

தெலுங்குக்காரருக்கு 'அவசரம்' என்றால் தேவை, மலையாளிக்கு வாய்ப்பு. நம் பக்கத்து வீடுகளிலேயே இப்படி என்றால், கடலுக்கு நடுவே பிரிந்து கிடக்கும் தீவுகளில் கேட்க வேண்டுமா?

அதனால், சொல்லைக் காதில் வாங்கிய கையோடு எழுதாதே. எங்கே என்று அவர்களையே விரல் வைத்துக் காட்டச் சொல். காட்ட முடியாதவர் என்றால் நீ தொட்டுத் தொட்டுக் கேள். அவர்கள் சொன்ன சொல்லையும் அப்படியே பக்கத்தில் குறித்து வை. தினமும் வார்டில் இருக்கும் நர்ஸுகளிடம் கேட்கக் கௌரவம் பார்க்காதே. உங்கள் பேராசிரியர்களைவிட அவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

முழங்காலுக்கு இரண்டு மொழியிலும் 'துஹோட்' தானாம். அதை மட்டும் பயமில்லாமல் எழுது.

அன்புடன்,
அம்மா