1972 அல்ல, 1935

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில், யூதர்களின் முதல் பெண் ரபி (சமய குரு) 1972இல் அமெரிக்காவில் பட்டம் பெற்றார் என்றும், அதுவரை அந்தச் சமயத்தில் பெண்கள் மறைநூல் படிக்கவோ சொல்லிக்கொடுக்கவோ வழியே இல்லை என்றும் போட்டிருந்தீர்கள். முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுத்தவள் நான். விடைத்தாளில் ஆண்டு தப்பாக இருந்தால் அரை மதிப்பெண் குறைத்துவிட்டு அடுத்த பக்கம் திருப்பியிருக்கிறேன். இதை அப்படித் திருப்ப மனசு வரவில்லை.

1972இல் சின்சினாட்டியில் சாலி பிரீசண்ட் பட்டம் பெற்றது உண்மைதான். ஒரு மறைக்கல்லூரியே பெண்ணொருவருக்கு ரபி பட்டம் கொடுத்து அனுப்பியது அதுதான் முதல் தடவை. ஆனால் அவருக்கு 36 வருஷம் முன்பே இன்னொருவர் ரபி ஆகிவிட்டார்.

அவர் பெயரை நான் தெரிந்துகொண்டது பெர்லினில். மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, பொன்னிறக் கோபுரம் வைத்த பெரிய யூத ஜெப ஆலயத்தைப் பார்க்கக் கூட்டிப்போனான். பக்கத்திலேயே கிரவுஸ்னிக் தெரு. அங்கே 6ஆம் எண் வீட்டுச் சுவரில் ஒரு நினைவுப் பலகை. மகன் நின்று வாசித்துச் சொன்னான்: ரெகினா யோனாஸ், ரபி, இந்த இடத்தில் குடியிருந்தவர். ஊருக்குத் திரும்பியதும் அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

1902இல் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பா போய்விட்டார், ஏழைக் குடும்பம். பெர்லின் யூதவியல் கல்லூரியில் படித்து, 1930இல் ஓர் ஆய்வேடு எழுதிக் கொடுத்தார். ஒரு பெண் ரபி ஆகலாமா என்பதுதான் தலைப்பு. வேதத்தையும், யூதச் சமயச் சட்ட விளக்க நூலான தல்மூதையும் வரிவரியாகப் புரட்டி, தப்பெண்ணத்தையும் பழக்கமின்மையையும் விட்டால் சட்டத்தில் ஏறக்குறைய எந்தத் தடையும் இல்லை என்று முடித்திருக்கிறார். எனக்குப் பிடித்தது இதுதான். சமயச் சட்டம் பழையது, தூக்கிப் போடுங்கள் என்று அவர் கேட்கவில்லை. அந்தச் சட்டத்துக்குள்ளேயே நின்று வாதாடினார். அப்படியும் கல்லூரி அவரைச் சமயப் பாட ஆசிரியை என்ற தகுதியோடுதான் அனுப்பியது. ஐந்து வருஷம் கழித்து, 1935 டிசம்பர் 27 அன்று, ஓஃபென்பாக் நகரத்து ரபி மாக்ஸ் தீனமான் அவரைச் சோதித்துப் பார்த்து ரபி பட்டம் கொடுத்தார்.

ஹிட்லர் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. ரபிகள் பலர் நாட்டை விட்டுப் போனார்கள், பலர் சிறைப்பட்டார்கள். ஆளில்லாமல் போன சபைகளில் ரெகினா போய்ப் பிரசங்கம் செய்தார். பிறகு அவரை அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் கட்டாய வேலைக்குத் தள்ளினார்கள். 1942 நவம்பரில் தாயாரோடு நாஜிகளின் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு ஏற்றினார்கள். அங்கே வந்து இறங்கும் ரயில்களுக்கு எதிரே போய் நின்று, திகைத்துப் போனவர்களிடம் பேசித் தேற்றுவது அவர் செய்த வேலைகளில் ஒன்று. மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கிளின் குழுவில் இருந்து அதைச் செய்தார். அங்கே தாம் ஆற்றிய உரைகளின் தலைப்புகளைக் கையால் எழுதி வைத்திருந்தார். மொத்தம் 24. அந்தத் தாள் இன்றும் இருக்கிறது. 1944 அக்டோபரில் அவுஷ்விட்ஸ் கொலைமுகாமுக்குக் கொண்டுபோய்க் கொன்றுவிட்டார்கள். வயது 42.

அதற்கப்புறம் நடந்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அவரோடு முகாமில் இருந்து பிழைத்து வந்த பெரிய மனிதர்கள் பொதுவில் அவரைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவருடைய சான்றிதழ்களும் ஆய்வேடும் கிழக்கு பெர்லின் ஆவணக் காப்பகத்தில் கிடந்தன. பெர்லின் சுவர் விழுந்த பிறகு 1991இல் கத்தரீனா ஃபான் கெலன்பாக் என்ற ஆய்வாளர் அதைத் திறந்து பார்த்தார். சாலி பிரீசண்ட் பட்டம் பெற்றபோது தமக்கு முன்னால் ஒருத்தி இருந்ததை உலகத்தில் பலர் மறந்திருந்தார்கள். உங்கள் பக்கத்திலும் அதே மறதி வந்துவிட்டது.

பட்டத்தை விடுங்கள், சொல்லிக்கொடுத்த பெண்கள் இன்னும் பழையவர்கள். நம் தமிழ் வேதாகமத்தில் இரண்டாம் இராஜாக்கள் 22ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். ஆலயத்தில் கண்டெடுத்த நியாயப்பிரமாண புஸ்தகத்தைப் பற்றிக் கேட்டு வரும்படி யோசியா ராஜா ஆள் அனுப்ப, பிரதான ஆசாரியன் உட்பட எல்லாரும் போய் நின்றது உல்தாள் என்ற பெண்ணிடம். 17ஆம் நூற்றாண்டில் குர்திஸ்தானில் அஸ்நாத் பர்சானி என்ற அம்மாள் இருந்தார். மகன் இல்லாத தகப்பன் சாமுவேல் பர்சானி இவருக்கு மறைநூல் படிப்பைத் தவிர வேறெந்த வேலையும் கற்றுத் தரவில்லை. கல்யாணத்தில் மாப்பிள்ளையிடம், இவளை வீட்டு வேலை வாங்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். புருஷன் படிப்பிலேயே மூழ்கியிருக்க, அவருடைய மாணவர்களுக்குப் பாடம் சொன்னது அஸ்நாத்தான். புருஷன் இறந்த பிறகு இன்றைய ஈராக்கில் உள்ள மோசுல் நகரத்தின் மறைக்கல்விக் கூடத்தையே அவர்தான் நடத்தினார். உதவி கேட்டு அவர் எபிரேயத்தில் எழுதிய கடிதம் ஒன்று பிழைத்திருக்கிறது. கடனுக்காகத் தம் துணிகளையும் மகள்களின் துணிகளையும் விற்றுவிட்டார்கள், கடைசியில் வைத்திருந்த புத்தகங்களையும் விற்றுவிட்டார்கள் என்று எழுதுகிறார். துணிக்கு அப்புறம் புத்தகம். அந்த வரியை நான் மூன்று தடவை படித்தேன்.

வரும் ஞாயிறு இணைப்பில் ஒரு திருத்தம் போடுங்கள். நீளமாக வேண்டாம், நான்கு வரி போதும். பெயர் ரெகினா யோனாஸ். நாள் 1935 டிசம்பர் 27. ஊர் ஜெர்மனியின் ஓஃபென்பாக்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
பாளையங்கோட்டை