ஒயின் பட்டியலில் ஆரோக்கிய வாக்குறுதி வேண்டாம், அம்மிணி

அன்புள்ள அம்மிணிக்கு,

நீ அனுப்பிய ஒயின் பட்டியலை வரி விடாமல் படித்தேன். பதிலை எல்லாரும் படிக்கும்படி எழுதட்டுமா என்று கேட்டதற்குச் சரி என்று சொன்னாய். கோயமுத்தூரிலும் திருப்பூரிலும் சிறுதானியச் சாப்பாடு, சாலட் என்று உடம்பைக் கவனித்துச் சமைக்கும் உணவகங்கள் பெருகி வருகின்றன. உன்னுடையது நட்சத்திர ஹோட்டலுக்குள் இருப்பதால் ஒயின் ஊற்ற உரிமம் இருக்கிறது, மற்றவர்களுக்கு அது இல்லை. ஆனாலும் நான் சொல்ல வருவது பானம் விற்கிற யாருக்கும் பொருந்தும்.

ஒயின்களை நன்றாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறாய். அவற்றைப் பற்றி அட்டையில் எழுதியிருப்பதைத்தான் மாற்ற வேண்டும். ரெட் ஒயின் பக்கத்தின் தலையில் 'இதயத்துக்கு இதமானது' என்று போட்டிருக்கிறாய். அந்த வரியை எடுத்துவிடு. வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது உனக்குத் தெரிய வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் கொழுப்பு நிறையச் சாப்பிட்டும் அவர்களுக்கு இதய நோய் குறைவு, அதற்கு ரெட் ஒயின் காரணமாக இருக்கலாம் என்று 1991இல் ஒரு அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி சொன்னது. அங்கே ரெட் ஒயின் விற்பனை எகிறியது. கொஞ்சமாகக் குடிப்பவர்கள் குடிக்காதவர்களைவிட நலமாக இருப்பதாகப் பல ஆய்வுகளும் காட்டின. பிறகு அந்த ஆய்வுகளைத் துருவிப் பார்த்தவர்கள் ஒரு கோளாறைக் கண்டார்கள்: குடிக்காதவர்கள் என்று எண்ணப்பட்டவர்களில், உடம்பு கெட்டுப்போய்க் குடியை நிறுத்தியவர்களும் இருந்தார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் யாரும் நலமாகத்தானே தெரிவார்கள்? திராட்சைத் தோலில் இருக்கும், இதயத்துக்கு நல்லது என்று சொல்லப்படும் ரெஸ்வெரட்ரால் என்ற பொருளைப் பற்றி நீ எழுதியிருப்பதும் அப்படித்தான். ஒரு லிட்டர் ரெட் ஒயினில் அது இருப்பது சில மில்லிகிராம் அளவே. மதுவைப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988லேயே சேர்த்துவிட்டது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும் சொல்லிவிட்டது.

நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி மது பாட்டிலின் லேபிளில் ஆரோக்கியப் பலன் எதையும் சொல்லக் கூடாது, உடல்நலத்துக்குக் கேடு என்ற எச்சரிக்கைதான் இருக்க வேண்டும். பாட்டிலே சொல்லக் கூடாததை உன் அட்டை சொல்லலாமா? உன்னிடம் வருகிறவர்களில் சர்க்கரை உள்ளவர் உண்டு, ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் உண்டு. ராகியைப் பற்றி நீ சொல்வதை நம்புகிற அதே நம்பிக்கையில்தான் அவர்கள் ஒயின் பற்றிய வரியையும் படிப்பார்கள். அந்த நம்பிக்கையை நீ காப்பாற்ற வேண்டும் என்று நான் மிகவும் ஆசைப்படுகிறேன்.

'குளூட்டன் இல்லாதது' என்பதும் தேவையில்லை. அது கோதுமை போன்ற தானியத்தில் இருக்கும் புரதம். திராட்சையில் அது ஏது? 'சல்ஃபைட் அறவே இல்லை' என்பது தவறு. சல்ஃபைட் என்பது ஒயின் கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருள். நொதிக்கும்போதே கொஞ்சம் சல்ஃபைட் தானாக உண்டாகிவிடும். 'தனியாகச் சேர்க்கவில்லை' என்று எழுதினால் சரி. 'ஆர்கானிக்' என்ற சொல் இருக்கட்டும், அது தோட்டத்தைப் பற்றிய தகவல். ஆனால் ஆர்கானிக் திராட்சையில் செய்தாலும் ஆல்கஹால் ஆல்கஹால்தான்.

அந்த இடத்தில் உண்மையான தகவலைப் போடு. 13 சதவீதம் ஆல்கஹால் உள்ள ஒயின் ஒரு கிளாஸ், 150 மில்லி என்றால் அதில் சுமார் 15 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. கிராமுக்கு 7 கலோரி வீதம் அதுவே 100 கலோரியைத் தாண்டும். ஒவ்வொரு ஒயினுக்கும் எதிரே ஆல்கஹால் சதவீதம், ஊற்றும் அளவு, இனிப்பு எவ்வளவு என்ற மூன்றையும் அச்சிடு. லிட்டருக்கு 4 கிராமுக்குள் சர்க்கரை இருந்தால் டிரை, அதாவது இனிப்பில்லாத ஒயின். சர்க்கரைக்குப் பயப்படுகிறவருக்கு அந்த ஒரு எண் போதும், பக்கம் பக்கமாக விளக்கம் வேண்டாம்.

அப்புறம், 75 மில்லி அரை கிளாஸ் ஒன்றை அவசியம் சேர். உன்னிடம் வருகிறவர்கள் பொள்ளாச்சியிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் காரில் வருகிறவர்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால் என்பதுதான் வண்டி ஓட்டுவதற்குச் சட்டம் வைத்திருக்கும் எல்லை. ஒரு முழு கிளாஸிலேயே அதை எட்டிவிட வாய்ப்பு உண்டு, உடம்பு சின்னதாக இருந்தால் தாண்டியே விடலாம். அரை கிளாஸ் என்றாலும் ஓட்டுகிறவருக்கு வேண்டாம் என்றே சொல்லச் சொல். ஆக்டிங் டிரைவர் ஏற்பாடு செய்து தருகிறோம் என்று அட்டையின் அடியில் தெளிவாக எழுது.

இனி சாப்பாட்டுக்கு வருகிறேன். இங்கேதான் உன் பட்டியல் எனக்கு மிகவும் பிடித்தது, வாதாட நிறைய இருப்பதும் இங்கேதான். பள்ளிபாளையம் சிக்கனுக்கு 14 சதவீத கேபர்நே சோவிஞான் என்ற துவர்ப்பு மிகுந்த ரெட் ஒயினைச் சொல்லியிருக்கிறாய். வர மிளகாய்க் காரத்தோடு அந்தத் துவர்ப்பும் ஆல்கஹாலும் சேர்ந்தால் நாக்கு இன்னும் எரியும், தேங்காய்ப் பல்லின் ருசியே தெரியாமல் போய்விடும். லேசாக இனிப்பு நிற்கும் செனின் பிளாங்க் என்ற ஒயிட் ஒயினை நன்றாகக் குளிரவைத்துக் கொடுத்துப் பார். நாசிக்கிலேயே நல்லது கிடைக்கிறது. பச்சைப்புளி ரசம் ஒயினுக்குச் சோதனை. சாப்பாட்டின் புளிப்பைவிட ஒயினின் புளிப்பு குறைந்தால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். அதற்கும் கொத்தமல்லி சாலட்டுக்கும் சோவிஞான் பிளாங்க் என்ற புளிப்பான ஒயிட் ஒயின் தாங்கும். தினையில் செய்யும் அரிசிம்பருப்புச் சோற்றுக்கும் கொள்ளுப் பருப்புக்கும் துவர்ப்பு குறைந்த, இலேசான ரெட். தேங்காய்ப்பால் ஊற்றிய சந்தகைக்கு ஒயினே வேண்டாம். அந்த இனிப்புக்கு முன்னால் டிரை ஒயின் வெறும் புளிப்பாகத்தான் தெரியும். பொருந்தாததைப் பொருந்தாது என்று எழுதும் தைரியம் இருக்கிற அட்டையை நான் எப்போதும் நம்புவேன்.

ரெட் ஒயினை 'அறை வெப்பத்தில்' தருவதாக எழுதியிருக்கிறாய். அது ஐரோப்பாவின் குளிர்ந்த அறைக்குச் சொன்னது. ரெட்டுக்கு 16 முதல் 18 டிகிரி நல்லது. சித்திரை மாதத்துக் கோயமுத்தூர் அறை அதைப் போல இரண்டு மடங்கு போகும். கொடுக்கும் முன் அதையும் கொஞ்ச நேரம் குளிர்பெட்டியில் வைக்கச் சொல். கவுண்டருக்குப் பின்னால் விளக்கொளியில் பாட்டில்களை அடுக்கியிருப்பது அழகுதான், ஆனால் சூடும் வெளிச்சமும் ஒயினைக் கெடுக்கும். அங்கே காலி பாட்டில்களை வை. திறந்த பாட்டிலில் தேதி எழுதி ஒட்டட்டும். குளிர்பெட்டியில் வைத்தாலும் மூன்று நாளைத் தாண்டியதைக் கிளாஸில் ஊற்றக் கூடாது. பட்டியலில் இத்தனை ஒயின் பெயர் வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான். பத்துப் பன்னிரண்டு ஒயின் சீக்கிரம் தீர்ந்து புதிதாக வரும், நாற்பது என்றால் தேங்கும். இலேசான ஒயிட் வகைகளில் திராட்சை அறுத்த ஆண்டையும் பார்த்து வாங்கு, அவை பெரும்பாலும் இளசாகக் குடிக்க வேண்டியவை.

குடிக்காதவர்களுக்கான பக்கத்தைப் பார்த்தபோதுதான் மனசு சங்கடப்பட்டது. எலுமிச்சை சோடா, ஏதோ இரண்டு பாட்டில் ஜூஸ், அவ்வளவுதானா? உன் மேசைகளில் பாதிப் பேர் அந்தப் பக்கத்திலிருந்துதான் கேட்பார்கள். தொண்டாமுத்தூர்ப் பக்கம் விளையும் பன்னீர் திராட்சை உலகம் மஸ்கட் ஹாம்பர்க் என்று அழைக்கும் ரகம். ஒயினுக்கே உரிய வாசனை உள்ள பழம். சீசனில் சர்க்கரை சேர்க்காமல் பிழிந்து, ஒயின் கிளாஸிலேயே கொடு. நன்னாரியைக் குறைந்த இனிப்பில் செய். சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்ட கம்மங்கூழ் அந்தப் பள்ளிபாளையம் சிக்கனுக்கு எந்த ஒயினைவிடவும் பொருந்தும், இதை மனசாரச் சொல்கிறேன். இவற்றுக்கும் எந்தச் சாப்பாட்டோடு சேரும் என்று ஒயினுக்கு எழுதியதைப் போலவே எழுது. ஆல்கஹால் நீக்கிய ஒயின் வாங்குவதாக இருந்தால் லேபிளில் சர்க்கரையைப் பார், சிலவற்றில் அதிகமாக இருக்கும்.

திருத்திய அட்டையை அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு பிரதியை எனக்கு அனுப்பு. கிளாஸ் விலையையும் சேர்த்து அனுப்பு, அரை கிளாஸின் விலை முழுக் கிளாஸில் சரிபாதியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அக்காவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மாமன்