ஒரு ஓட்டுநர், ஒரு ஞாயிறு, இரண்டு கண்டங்கள்: உலக மோட்டார் விளையாட்டு மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பின் உலக மோட்டார் விளையாட்டு மன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

2017 ஜூலை 15, 16 தேதிகளில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், மின்சாரக் கார்கள் ஓடும் ஃபார்முலா ஈ தொடரின் இரண்டு பந்தயங்கள் நடைபெற்றன. அதே 16ஆம் தேதி ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில், பல மணி நேரம் நீளும் பந்தயங்களைக் கொண்ட உலக எண்டியூரன்ஸ் சாம்பியன்ஷிப்பின் ஆறு மணி நேரப் பந்தயம் நடைபெற்றது. இவ்விரு தொடர்களின் அட்டவணைகளும் தங்கள் மன்றத்தின் ஒப்புதலைப் பெற்ற பிறகே நடைமுறைக்கு வருகின்றன என்பதால்தான் இம்மடலை அமைப்பாளர்களுக்கு எழுதாமல் தங்களுக்கு எழுதுகிறேன்.

அந்த மோதலில் சிக்கியவர், இரு தொடர்களிலும் ஓட்டிவந்த செபாஸ்டியன் புவெமி. அந்த ஃபார்முலா ஈ பருவத்தில் அதுவரை நடந்த எட்டுப் பந்தயங்களில் ஆறை வென்று 157 புள்ளிகளுடன் முதலிடத்தில் இருந்தார். அடுத்திருந்த லூகாஸ் டி கிராஸி 32 புள்ளிகள் பின்தங்கியிருந்தார். எண்டியூரன்ஸ் தொடரில் டொயோட்டாவுக்கு ஓட்டும் கடமை இருந்ததால் புவெமி நூர்பர்க்ரிங்குக்குச் செல்ல, நியூயார்க்கில் அவருடைய காரில் பியர் கேஸ்லி அமர்ந்தார். தொடரின் முதலிடத்தில் இருப்பவர் இல்லாமலேயே இரு பந்தயங்கள் முடிந்தன. டி கிராஸி நான்காவதாகவும் ஐந்தாவதாகவும் வந்து 22 புள்ளிகளைச் சேர்க்க, முன்னிலை பத்தாகக் குறைந்தது. புவெமி சென்ற இடத்திலும் வெற்றி டொயோட்டாவின் போட்டி அணியான போர்ஷேவுக்கே கிட்டியது.

அதன் பின் பருவத்தின் கடைசி இரு பந்தயங்கள் நடந்த மாண்ட்ரியலில் நடந்ததை மறைப்பது நேர்மையாகாது. பயிற்சியிலேயே புவெமி காரைச் சுவரில் மோதினார். பேட்டரியை மாற்றியதற்காகத் தொடக்க வரிசையில் பத்து இடங்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டார். அங்கிருந்து முன்னேறி நான்காவதாக வந்தும், கார் எடை குறைவாக இருந்ததால் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். மறுநாளும் புள்ளி கிடைக்கவில்லை. டி கிராஸி 181 புள்ளிகளுடன் பட்டம் வென்றார். அவர் அதற்கு முழுத் தகுதி உடையவர். ஆனால் இறுதி வேறுபாடு 24 புள்ளிகள் மட்டுமே. ஒரு பந்தயத்துக்குச் சராசரியாக ஏறக்குறைய இருபது புள்ளிகள் எடுத்துவந்த ஒருவர் இரண்டு பந்தயங்களில் கலந்துகொள்ளவே இயலாமல் போனது, அந்த 24ஐப் பார்க்கும்போதெல்லாம் என் நெஞ்சை உறுத்துகிறது. தோற்றிருந்தால்கூட அவர் களத்தில் தோற்றிருக்க வேண்டும்.

தேதியை மாற்ற முடியாது என்ற பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. 2018இல் ஃபார்முலா ஒன் ஓட்டுநரான ஃபெர்னாண்டோ அலோன்சோ அதே டொயோட்டா அணியில் புவெமியோடு சேர்ந்தபோது, ஜப்பானின் ஃபுஜியில் அக்டோபர் 21 அன்று நடக்கவிருந்த எண்டியூரன்ஸ் பந்தயம், அவர் ஓட்டவேண்டிய ஃபார்முலா ஒன் தொடரின் அமெரிக்க கிராண்ட் பிரீயுடன் மோதியது. ஃபுஜி பந்தயம் ஒரு வாரம் முன்னதாக, அக்டோபர் 14க்கு மாற்றப்பட்டது. ஆனால் அந்தப் புதிய தேதி அமெரிக்காவின் பெட்டி லெ மான் பந்தயத்துடன் மோத, அதில் ஓட்டவிருந்த வேறு ஓட்டுநர்களுக்குச் சிக்கல் நேர்ந்தது. ஒரு பெரிய பெயருக்காக மட்டும் செய்யப்படும் மாற்றத்தின் சுமை, குரல் எழுப்ப வலுவில்லாத வேறொருவர் தலையில்தான் விழுகிறது. நான் கேட்பது சலுகை அன்று, எல்லோருக்கும் பொதுவான விதி.

2017இல் ஃபார்முலா ஈ உலகச் சாம்பியன்ஷிப் என்ற தகுதியைப் பெற்றிருக்கவில்லை. ஆகவே எண்டியூரன்ஸ் தொடருக்கு முன்னுரிமை என்று அன்று சொல்ல இடமிருந்தது. 2020-21 முதல் அந்தத் தகுதி அதற்கும் உண்டு. இருந்தும் 2024 மே மாதம் பெர்லின் ஃபார்முலா ஈ பந்தயங்களும் ஸ்பா எண்டியூரன்ஸ் பந்தயமும் ஒரே வார இறுதியில் வந்தன. முந்தைய ஆண்டில் அணிகளுக்கான பட்டத்தை வென்ற என்விஷன் அணி தன் ஓட்டுநர்களான புவெமியையும் ராபின் ஃப்ரைன்ஸையும் இழந்து, இரு மாற்று ஓட்டுநர்களோடு பெர்லினில் இறங்க நேர்ந்தது. 2025 ஜூலையில் பெர்லின் ஃபார்முலா ஈ பந்தயங்களும் சாவ் பாலோ எண்டியூரன்ஸ் பந்தயமும் மோதின. நம் நாட்டின் மஹிந்திரா அணி தன் ஓட்டுநர் நிக் டி வ்ரீஸ் இல்லாமல் பெர்லினில் ஓடியது.

நகரத் தெருக்களில் நடக்கும் பந்தயத்துக்கு நகர நிர்வாகம் ஒதுக்கும் தேதியைத்தான் ஏற்க வேண்டியிருக்கிறது என்பதை நான் அறிவேன். ஆயினும் 2024-25 பருவத்தில் ஃபார்முலா ஈ பயன்படுத்திய வார இறுதிகள் பத்து. எண்டியூரன்ஸ் தொடரின் 2025 பந்தயங்கள் எட்டு. ஐம்பத்திரண்டு வாரங்களில் இந்தப் பதினெட்டையும் தனித்தனியே வைக்க இடமில்லையா?

வர முடியாதவருக்கு ஈடாகப் புள்ளி வழங்குங்கள் என்றோ, அவர் தவறவிட்ட பந்தயத்தைக் கணக்கில் கொள்ளாதீர்கள் என்றோ நான் கேட்கவில்லை. ஓடாத பந்தயத்துக்குப் புள்ளி தருவது ஓடியவர்களுக்கு இழைக்கும் அநீதி. தங்கள் முத்திரை தாங்கிய உலகச் சாம்பியன்ஷிப்கள் இரண்டு ஒரே வார இறுதியில் நடக்கக் கூடாது என்பதை விதிநூலில் எழுதுங்கள். ஒப்புதலுக்குப் பின் ஒரு தொடர் தேதியை மாற்ற விரும்பினால், மற்றத் தொடரின் எழுத்துமூலமான இசைவு இல்லாமல் அதை அனுமதிக்காதீர்கள்.

புவெமி 2025 மே மாதம் மொனாக்கோ மழையில் மீண்டும் ஒரு ஃபார்முலா ஈ பந்தயத்தை வென்றார். எண்டியூரன்ஸ் தொடரில் நான்கு முறை உலகப் பட்டம் பெற்றவருக்கு ஃபார்முலா ஈ பட்டம் 2016இல் கிடைத்ததோடு சரி. அவருக்கு 2017ஐத் திருப்பித் தர யாராலும் இயலாது. அடுத்த பருவத்தின் இரு அட்டவணைகளும் ஒப்புதலுக்கு வரும் கூட்டத்தில், கையெழுத்திடும் முன் அவ்விரண்டையும் ஒருசேர வைத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
இரு தொடர்களையும் தொடர்ந்து பார்த்துவரும் ஒரு ரசிகர்